பச்சைக் காளிக்குக் கறுப்புச் சாயம்

அத்தியாயம் 14

கலியபெருமாளின் மூக்குக்கண்ணாடி காணாமல் போய் இன்றோடு நான்கு நாள்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். மூன்று பேரும் தேடிவிட்டார்கள். அரிசி டிரம், டிவிஎஸ் வண்டியின் பை, உளுந்து மூட்டைச் சந்து, மாட்டுக்கொட்டகை என்று ஒன்று விடவில்லை. எல்லோரையும்விட அதிகமாகத் தேடியவர் கலியபெருமாள்தான். தேடிக்கொண்டே ஒரு பாட்டையும் முணுமுணுத்தார்.

"நாத்து நட்ட கையி கறுப்பு... நட்ட சேறும் கறுப்பு கறுப்பு..."

அடுப்படியில் நின்ற மகள் சுந்தரியின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றுவிட்டது. கல்லில் கிடந்த தோசையும் பாட்டுக்கு ஏற்றபடி கறுத்தது.

அப்பா முணுமுணுக்கும் அந்தப் பாட்டைத் தடைசெய்யச் சொல்லும் மனு, கூடத்து மேசையில் சொம்புக்கு அடியில் இருந்தது. முதல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும் என்பது ஊர் முடிவு. கண்ணாடி கிடைத்ததும் போட்டுவிடுவார்.

"எல்லா இடமும் பாத்தாச்சு. பரண்ல சலங்கைப் பெட்டி ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அம்மா அம்சம்.

"அதைத் தொடாதே. வேஷம் கட்டுறவன் தவிர யாரும் தொடக் கூடாதுன்னு தெரியாதா?"

"நான் தொடலீங்க. நீங்க தொட்டுப் பாருங்களேன்."

"சாயந்திரம் காப்புக் கட்டும்போதுதான் தொடணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

முறை என்ற சொல் வந்ததும் அம்சம் பேச்சை விட்டுவிட்டாள். தோசையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தோசையைப் பற்றிய கேள்வி மட்டும் இருந்ததாகச் சுந்தரிக்குத் தோன்றவில்லை.

பத்து நாளைக்கு முன் யூடியூபில் ஏறிய பாட்டு அது. எழுதியதும் பாடியதும் கும்பகோணத்தில் எம்.ஏ. படிக்கும் சுந்தரி. இது அவளுக்குத் தெரியும், படம் பிடித்த நாகநாதனுக்குத் தெரியும், போன வாரம் படித்தவர்களுக்கும் தெரியும். கீழமாத்தங்குடியில் மட்டும் யாருக்கும் தெரியாது. திரையில் 'குரல்: காவிரிக் குயில்' என்று போட்டிருந்தார்கள்.

"குரல் மட்டுமில்ல, முகமும் உன்னுதுதான்" என்று சத்தியம் செய்திருந்தான் நாகநாதன். வீடியோ வந்தது. முகம் பம்பாயிலிருந்து வந்திருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்த ஒரு பெண். அவளுக்கு நெற்றி முதல் பாதம் வரை கறுப்புச் சாயம் பூசி, கையில் சூலம் கொடுத்து, காளி என்று பெயர் வைத்து, கீழமாத்தங்குடி காளி கோயில் வாசலில் அறுவடை மெஷின்மேல் ஏற்றி ஆடவிட்டிருந்தான். அவள் வாயைத் திறந்தால் சுந்தரியின் குரல் வந்தது.

பதினான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். கருத்துப் பெட்டியில் மூன்று கட்சி. காளியை மெஷின்மேல் ஆடவிட்டது தெய்வ நிந்தனை என்றது முதல் கட்சி. வெள்ளைத் தோலுக்குக் கறுப்புப் பூசியது இன நிந்தனை என்றது இரண்டாம் கட்சி. மூன்றாம் கட்சி, அந்த லிப்ஸ்டிக் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டது. ஒரு தொலைக்காட்சியில் இதைப் பற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். நால்வரும் கீழமாத்தங்குடியைத் தப்பாக உச்சரித்தார்கள்.

இதெல்லாம் சுந்தரிக்குச் சமாளிக்கக்கூடிய விஷயம். சமாளிக்க முடியாதது அப்பாவின் வேஷம்.

வருஷா வருஷம் வைகாசியில் பச்சைக் காளி கட்டி வீடு வீடாக ஆடி வருபவர் கலியபெருமாள். காளியின் பச்சை முகம் மேலத்தெருவில் தர்மகர்த்தா குஞ்சிதபாதம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். காலுக்குக் கட்டும் சலங்கை கீழத்தெருவில் கலியபெருமாள் வீட்டுப் பரணில் இருக்கும். முகமும் சலங்கையும் சேர்ந்தால்தான் காளி. இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டால்தான் சேரும். வேஷம் கட்டுகிற வீட்டின்மேல் காப்புக் கட்டும் நேரத்தில் எந்த வழக்கும் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த வருஷம் சலங்கை வேறு வீட்டுக்குப் போகும். போனது திரும்பி வந்ததாகக் கேள்வி இல்லை.

காப்பு இன்று மாலை ஆறு மணிக்கு.

பத்து மணிக்கு வாசலில் கார் சத்தம். குஞ்சிதபாதமே வந்துவிட்டார். அவருடைய அப்பா காலத்தில் கீழத்தெருவுக்குள் ஆள் அனுப்புவார்கள்; இவர் காலத்தில் கார் வருகிறது. இடையில் நடந்த நில உச்சவரம்பும், குத்தகைப் பதிவும், கோர்ட்டும், இரண்டு மூன்று ஆட்சி மாற்றமும் சேர்ந்து அவரை 'வாங்க, போங்க' என்று பேச வைத்திருந்தன. ஒவ்வொரு 'ங்க'வும் பல் பிடுங்குவதுபோலத்தான் வரும்.

"என்னங்க கலியபெருமாள், கையெழுத்து ஆச்சுங்களா?"

"கண்ணாடியைக் காணோங்க ஐயா."

"கையெழுத்துப் போட எதுக்குங்க கண்ணாடி? நான் இடத்தைக் காட்டுறேன், நீங்க போடுங்க."

"இடத்தைக் காட்டித்தான் எங்கப்பாகிட்ட உங்கப்பா கைநாட்டு வாங்கினாங்க" என்றார் கலியபெருமாள் மிக மரியாதையாக. "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கோர்ட்டுக்குப் போயித்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அதுலேருந்து எங்க வீட்ல படிக்காம எதுலயும் போடறதில்லீங்க."

"நான் படிச்சுக் காட்டுறேன். 'தெய்வ நிந்தனையால் எங்கள் மனம் புண்பட்டு...'"

"எந்த இடத்துலங்க புண்பட்டுச்சு?" என்று உள்ளேயிருந்து அம்சம் கேட்டாள். மோர் கொண்டுவந்து வைத்தபடியே கேட்டதால் அவரால் கோபப்பட முடியவில்லை.

"பாட்டு மொத்தமும்தான்."

"மொத்தமும் புண்ணுன்னா டாக்டரே இடத்தைக் கேப்பாருங்க. சாயந்திரம் கோயில் வாசல்ல ஊரே கூடுதுல்ல? எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க. பாட்டு எடுத்த தம்பியையும் வரச் சொல்லியிருக்கீங்க. பாத்துட்டு எல்லாரும் சேந்தாப்பல கையெழுத்துப் போடறோம். நடவுக்கு எறங்குறாப்பல ஒரே வரிசையா."

குஞ்சிதபாதம் யோசித்தார். ஊரே பார்த்தால் ஊரே புண்படும் என்பது அவர் போட்ட கணக்கு. மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் நாகநாதன் வந்து இறங்கினான். சென்னையில் அவன் பெயர் நாகா, முகவரி வளசரவாக்கம். உண்மையில் வேதாரண்யம் உப்பளத்து வீட்டுப் பிள்ளை. ஊர்க்காரர்கள் அடிப்பார்கள் என்று தலையில் ஹெல்மெட்டுடன் பஸ்ஸில் வந்திருந்தான்.

நிழற்குடையில் காத்திருந்த சுந்தரி அதைக் கழற்றச் சொன்னாள்.

"பயப்படாதே சுந்தரி. என்ன ஆனாலும் உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"மூஞ்சியைக் காட்ட மாட்டேன்னுட்டே. இப்ப பேரையும் சொல்ல மாட்டேங்கிறே. அப்புறம் என்கிட்ட மிச்சம் என்னடா இருக்கு?"

"புரொட்யூசர் சொன்னாருடி. உன்னோட டெஸ்ட் ஷூட்டைக் காட்டினேன். பிரமாதமா இருக்கு, ஆனா ஸ்கிரீன்ல..."

"ஸ்கிரீன்ல?"

நாகநாதன் ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

சுந்தரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லாமல் வீட்டுக்கு நடந்தாள். சொன்னால் அப்பாவுக்குச் சலங்கை போகும். சொல்லாவிட்டால் அவள் குரல் அந்தப் பம்பாய் முகத்துக்கே பட்டா ஆகிவிடும். வழி நெடுக வயல்கள் உளுந்து எடுத்து வெறுமையாகக் கிடந்தன. மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தவிர ஊருக்கு வேறு கவலை இருக்கக் கூடாத மாதம்.

நாலரைக்குக் கோயில் வாசலில் ஊர் கூடியது. மேலத்தெரு நாற்காலியில், கீழத்தெருவும் நாற்காலியில். அம்சத்தின் நடவுக் கோஷ்டி, காளியம்மாள் தலைமையில் முதல் வரிசையைப் பிடித்திருந்தது. சுவரோரம் துணி போர்த்திய பெட்டிக்குள் பச்சை முகம். அதற்குமேல் தர்மகர்த்தா எழுதிவைத்த போர்டு: 'காளி கட்டளை நிலம் 5 மா.' கட்டளை என்றால் திருவிழாச் செலவுக்காகக் காளி பேரில் எழுதிவைத்த நிலம். மூன்று மா ஒரு ஏக்கர் என்று போட்டுக்கொண்டால் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

ஒரு ஆட்சி கொடுத்த இலவச டிவியை மேசையில் வைத்தார்கள். அடுத்த ஆட்சி கொடுத்த இலவச லேப்டாப்பை அதனுடன் இணைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று அங்கீகரிக்க மறுத்தன. முக்கால் மணி நேரம் பேச்சுவார்த்தை. கடைசியில் திருவிழாவுக்கு மைக்செட் கட்ட வந்திருந்த பக்கீர் முகம்மது, தன் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்துக் கூட்டணி ஏற்படுத்தினார்.

"பாய்" என்றாள் அம்சம், "ஐயாவுக்கு எந்த இடத்துல புண்படுதோ அங்க கையைத் தூக்குவாங்க. நீங்க நிறுத்திடுங்க."

"சரிக்கா."

பாட்டு தொடங்கியது. முதல் நிமிஷத்தில் காளி வந்தாள். சூலத்தைச் சுழற்றினாள். குஞ்சிதபாதம் கை தூக்கவில்லை, போன் பார்த்துக்கொண்டிருந்தார். காளி மெஷின்மேல் ஏறினாள். கை தூக்கவில்லை. அவருடைய செருப்பு தாளம்கூடப் போட்டது. 'கறுப்பு கறுப்பு' வந்த இடத்தில் நடவுக் கோஷ்டி குலவை போட்டது. நாகநாதன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

பிறகு அந்த அடிகள் வந்தன.

"ஏழு மாக் காளி கட்டளை
எவரு பேரில் ஏறிப் போச்சு..."

குஞ்சிதபாதத்தின் கை விசுக்கென்று மேலே போனது.

"நிறுத்துங்க!"

பக்கீர் நிறுத்தினார். திரையில் காளி இல்லை. வெட்டவெளி வயல். நடுவில் ஒரு கொக்கு.

"இந்த இடமாங்க ஐயா?" என்றாள் அம்சம்.

"இதான்! இதான்!"

"இதுல கொக்குதானே நிக்குது?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, மேலத்தெரு நாற்காலிகள்வரை போய்த் திரும்பியது.

"கொக்கைச் சொல்லலீங்க" என்று குஞ்சிதபாதம் எழுந்துவிட்டார். "முன்னாடி காளி வந்துதுல்ல, அதைச் சொல்றேன். புண்பட்டுச்சு, கை தூக்கக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"பாய், காளிகிட்ட போங்க" என்றாள் அம்சம்.

பக்கீர் காளியிடம் போய் நிறுத்தினார். மெஷின்மேல், நாக்கை நீட்டியபடி, மை பளபளக்க நின்றாள் அவள். நடவுக் கோஷ்டியின் காளியம்மாள் எழுந்து டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது யாரு?"

"காளிக்கா" என்றான் நாகநாதன்.

"எந்த ஊர்க் காளி? எங்க காளி பச்சையாச்சே?"

எல்லாத் தலையும் துணி போர்த்திய பெட்டிப் பக்கம் திரும்பியது. பத்து நாளாக மனு எழுதியவர்களுக்கும், பதினான்கு லட்சம் பேருக்கும், டிவியில் விவாதித்த நான்கு பேருக்கும் தோன்றாத விஷயம் அது.

"ஐயா, நீங்கதான் முகத்தை வச்சிருக்கீங்க" என்றாள் அம்சம். "நம்ம காளி பச்சையா, கறுப்பா?"

கறுப்பு என்றால் பெட்டியில் இருப்பது பொய்யாகும். பச்சை என்றால் திரையில் இருப்பது காளியே இல்லை. குஞ்சிதபாதம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"பச்சைதான்."

"அப்ப இது நம்ம காளி இல்ல."

"...இல்லதான்."

"நம்ம காளியை யாரும் ஒண்ணும் செய்யல?"

"இந்தா பாருங்க அம்சம்..."

"செஞ்சாங்களா, செய்யலீங்களா?"

"செய்யல" என்றார் தர்மகர்த்தா, இன்னொரு பல்லும் போனவர்போல.

நாகநாதன் இத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். அம்சம் அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீ வேதாரண்யம்தானே? பச்சைக் காளி தெரியாதா உனக்கு?"

"எங்க பக்கம் உப்பளம்தாம்மா. மெட்ராஸ்ல கேட்டேன், காளின்னா கறுப்புன்னாங்க."

"சரி, கறுப்புன்னே வச்சுக்குவோம். கறுப்புக்கு ஆள் வேணும்னு பம்பாய் வரைக்கும் ஏன் போனே? இந்தா, இருபத்து மூணு பேர் ஒக்காந்திருக்கோம். பெயிண்டும் மிச்சம்."

இருபத்து மூன்று பேரும் கையை நீட்டிக் காட்டினார்கள். சித்திரை வெயிலில் உளுந்து பறித்த கைகள். நாகநாதன் அந்தக் கைகளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பொய் சொல்ல வசதியான இடம் தேடினான். கிடைக்கவில்லை.

"கறுப்பா இருக்கவங்க ஸ்கிரீன்ல எடுபட மாட்டாங்கன்னு சொன்னாங்கம்மா."

"அதனால செவப்பா இருக்கவளைக் கறுப்பாக்கினியா?"

"ஆமாம்மா."

ஊர் சிரித்தது. மேலத்தெரு கீழத்தெரு வித்தியாசம் இல்லாமல், நாற்காலி ஆட ஆடச் சிரித்தது. நாகநாதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் அவனிடம் ஆங்கிலத்தில் முப்பது பேர் விளக்கியது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"பாவம்டி, அந்தப் புள்ளைக்கு மூஞ்சி எரிஞ்சிருக்கும்" என்றாள் காளியம்மாள்.

"எரிஞ்சுதுக்கா. ரெண்டு நாள் களிம்பு போட்டாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் குஞ்சிதபாதம் சுதாரித்துக்கொண்டார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். கட்டளையைப் பத்தி எழுதினது யாருங்க? ஏழு மான்னு யார் சொல்லிக் குடுத்தது? அந்தக் காவிரிக் குயில் யாருன்னு தெரிஞ்சாகணும்!"

"பேரு சொல்ல முடியாதுங்க" என்றான் நாகநாதன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான்.

சுந்தரி அப்பாவைப் பார்த்தாள். கலியபெருமாள் சலங்கைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நின்றவள் வாயைத் திறந்திருந்தாள். அந்த வாய்க்குள்ளிருந்துதான் தன் குரல் வரவேண்டும் என்று நினைத்ததும் சுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து நின்றாள். 'நான்தான்' என்று சொல்ல வரவில்லை. பாட வந்தது.

"நாத்து நட்ட கையி கறுப்பு
நட்ட சேறும் கறுப்பு கறுப்பு..."

பக்கீர் தலையை ஆட்டினார். ஒலி விஷயத்தில் ஊரில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. "அதே குரல்தான்" என்றார்.

"அப்படிப் போடு!" என்று குஞ்சிதபாதம் கையைத் தட்டினார். "உங்க வீட்டுப் பொண்ணாங்க! அப்ப வழக்கு உங்க வீட்டுமேலதான். இந்த வருஷம் சலங்கை வேற வீட்டுக்கு..."

"எந்த வழக்குங்க?" என்றாள் அம்சம். "நம்ம காளியை யாரும் ஒண்ணும் செய்யலைன்னு ஊர் முன்னாடி இப்பத்தானே சொன்னீங்க?"

தர்மகர்த்தாவின் வாய் திறந்தது. திரையில் இருந்தவளின் வாயைப்போலவே திறந்து நின்றது.

"மனுவுலயாவது கையெழுத்துப் போடுங்க!" என்றார் கலியபெருமாளிடம்.

"கண்ணாடி கெடைக்கலீங்களே ஐயா."

மணி ஐந்து ஐம்பத்தைந்து. பூசாரி உத்திராபதி மஞ்சள் கயிற்றுடன் வந்துவிட்டார். காப்புக் கட்டினால், மூன்று நாள் கழித்து வேஷம் கலைகிறவரை ஆடுபவர் வாய் திறக்கக் கூடாது. கலியபெருமாள் பெட்டியைத் திறந்து சலங்கையை உதறினார். சலங்கையோடு இன்னொன்றும் தரையில் விழுந்தது.

மூக்குக்கண்ணாடி.

கலியபெருமாள் அதை எடுத்து வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். மனுவைப் பார்க்கவில்லை. முதலில் மகளைப் பார்த்தார்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா பாப்பா? நீயா வந்து சொல்லட்டும்னு பத்து நாளா முணுமுணுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"அப்பா..."

"எனக்கு மட்டும் என்ன, தெரியாமலா தோசை தீயுறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?" என்றாள் அம்சம். அப்படியே நாகநாதனிடம் திரும்பி, "தம்பி, அந்தப் படத்தை எறக்கிடு. மூணு நாள் கழிச்சு வா. காமெராவை மட்டும் எடுத்துக்கிட்டு வா, சாய டப்பா வேண்டாம். பாடினவளே ஆடுவா."

"லைட்டிங் மட்டும் கொஞ்சம்..."

"வெயில் இருக்கு."

நாகநாதன் தலையாட்டினான். சுந்தரி அழவில்லை என்று காட்டுவதற்காக மூக்கை உறிஞ்சினாள்.

"பாட்டு நல்லாருக்கு பாப்பா" என்றார் கலியபெருமாள். பூசாரி அவருடைய வலது கையைப் பிடித்துவிட்டார். "அந்தக் கட்டளை அடியில மட்டும் உனக்கு ஒண்ணு சொல்லணும், அந்த ஏழு..."

கயிற்றில் முடிச்சு விழுந்தது. கலியபெருமாள் வாயை மூடிக்கொண்டார்.

சுந்தரி திகைத்து நின்றாள். ஏழு என்பது அவள் மோனைக்காகப் போட்டது. அடுத்த அடி 'எவரு' என்று தொடங்கியதால் ஏழு வந்தது. அதற்குமேல் அதில் ஒன்றுமே இல்லை. போர்டைப் பார்த்தாள். ஐந்து மா என்றுதான் இருந்தது.

உடுக்கைச் சத்தம் எழுந்தது. பச்சை முகத்தைப் போர்த்திய துணியை எடுத்து, முகத்தைக் கலியபெருமாளுக்குக் கட்டினார்கள். சலங்கை கட்டிய காலால் கலியபெருமாள் ஒரு சுற்று ஆடினார், இரண்டாம் சுற்று ஆடினார், மூன்றாம் சுற்றில் குஞ்சிதபாதத்தின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். வாய் திறக்கவில்லை. காப்புக் கட்டிய வலது கையை உயர்த்தினார். ஐந்து விரல்.

தர்மகர்த்தா சிரிக்க முயன்றார்.

காளி இடது கையையும் உயர்த்தினாள். அதில் இரண்டு விரல்.